எட்டுப் பேருக்கு ஒரே இசக்கிசெல்வி

நரசிம்மன் சார் போட்ட கோட்டின்மேல் எறும்பை விட்டால் அதுவும் நேராகத்தான் நடக்கும் என்று நான் கேலி செய்வேன். அவருக்கு அது கேலி என்றே தெரியாது. "ஸ்கேல் வெச்சிப் போட்டதும்மா" என்பார்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் அவர் வேலை பார்த்த மெடிக்கல் ஷாப்பும் என் ஜெராக்ஸ் கடையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். எங்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு கடை வைத்தவள் நான், ராஜம்மா. அவர் தினமும் குன்றத்தூரிலிருந்து மொபெட்டில் வருகிறவர். வயது ஐம்பத்திரண்டு. சட்டைப் பையில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று பேனா. சிரிப்பதற்கு மட்டும் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

அவர் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு படப்பையில் ஒரு மருந்துக்கடையில் இருந்தார். ஒரு லாரி டிரைவர் தூக்க மாத்திரையை அளவுக்கு மேல் முழுங்கி ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவன். அந்த விஷயம் தெரியாமல் இன்னொரு டாக்டர் அதே மாத்திரையை எழுதிக் கொடுக்க, இவர் எடுத்துக் கொடுக்க, இரண்டாவது தடவை அவன் பிழைக்கவில்லை. அந்த டாக்டர் கடை வாசலில் வந்து நின்று, "எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேனா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் நரசிம்மன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஆகவே 2014-ல் புதுச் சட்டம் வந்தபோது அவருக்குக் குழந்தை பிறந்த சந்தோஷம். தூக்க மாத்திரை, சில வலி மாத்திரைகள் இதையெல்லாம் விற்றால் தனி ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். நோயாளி பெயர், எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், என்ன மாத்திரை, எத்தனை. மற்றக் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவர் நீள நோட்டு வாங்கிப் பழுப்பு அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பில் கோடு போட்டார். சட்டம் கேட்காத ஒரு கட்டத்தையும் கடைசியில் சேர்த்தார். தலைப்பு: 'டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது'.

மருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கோடு சிவப்பா என்று பார்த்தார். பக்க எண் இருக்கிறதா என்று பார்த்தார். அடித்தல் திருத்தல் இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். கோட்டுக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, 'மிகவும் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை நரசிம்மன் சார் என்னிடம் மூன்று காப்பி எடுத்துக்கொண்டார்.

இனி என் பங்கு. அதைச் சொல்லாமல் மற்றவர்களைச் சொல்வது நியாயம் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு ரூமில் எட்டுப் பெண்கள், எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம், கார் ஒயர் கட்டும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால் மேலே கூரை அடுப்பு, வெளியே லாரி ஹாரன். தூக்கம் எப்படி வரும்? டாக்டரைப் பார்க்க எட்டுப் பேருக்கும் லீவு கிடைக்காது. வாய் உள்ள ஒருத்தி போனாள், இசக்கிசெல்வி. டாக்டர் ரகுபதி ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குகிறவர். அந்த இரண்டு நிமிஷத்தில் தேதி போட நேரம் கிடைக்காது. தூக்க மாத்திரை எழுதித் தந்தார்.

நரசிம்மன் சார் கறுப்பு வெள்ளைக் காப்பிக்கு மாத்திரை தரமாட்டார். மாத்திரை கொடுத்த சீட்டில் சீல் குத்திவிடுவார். அதனால் சீல் விழுவதற்கு முன்னாலேயே சீட்டு என்னிடம் வந்தது. நான் அப்போதுதான் கலர் மெஷின் வாங்கியிருந்தேன். டாக்டரின் நீல மை நீலமாகவே விழும். ஏழு காப்பி எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பலகைக்கு அந்தப்பக்கம் போய் நின்றார்கள். நெட்டையாக ஒரு இசக்கிசெல்வி, குட்டையாக ஒரு இசக்கிசெல்வி, கண்ணாடி போட்ட இசக்கிசெல்வி. சீட்டு தீர்ந்தால் வேறொரு டாக்டரிடம் வேறொரு சீட்டு. நரசிம்மன் சார் குனிந்த தலை நிமிராமல், 'இசக்கிசெல்வி, வயது 22' என்று முத்து முத்தாக எழுதினார். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று வரி, மூன்று டாக்டர்.

"இந்தப் பொண்ணு இன்னாம்மா, மாத்திரையை சோறு மாதிரி துன்னுது" என்று என்னிடம் கவலைப்பட்டார்.

"அப்பிடியா சார்" என்றேன் நான். நல்லவள்.

மே மாதம் ஒரு மத்தியானம் தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒரு பெண்ணை மயக்கமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், பையில் உங்கள் கடை கவர் இருக்கிறது, என்ன மாத்திரை, எவ்வளவு கொடுத்தீர்கள்? நரசிம்மன் சார் நோட்டைப் புரட்டி அரை நிமிஷத்தில் சொன்னார். அந்தப் பதில் உயிரைக் காப்பாற்ற உதவியது என்று பிறகு அந்த டாக்டரே சொன்னார். அதை நான் மறைக்க மாட்டேன். "பேஷண்ட் பேரு?" என்று இவர் கேட்டார். பையில் இருந்த சீட்டைப் பார்த்து அவர்கள் சொன்னார்கள்: இசக்கிசெல்வி.

மறுநாள் காலை இசக்கிசெல்வி என் கடை முன்னால் நடந்து போனாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"நான் இல்லக்கா. செல்வலட்சுமி. நாலு நாளா உறக்கம் இல்லன்னு ஒண்ணு போட்டிருக்கா, வரலன்னு திரும்பத் திரும்பப் போட்டிருக்கா. சாகணும்னு இல்லக்கா, உறங்கணும்னுதான். கூடப் போனவளும் பயந்துபோய் சீட்டுல உள்ள எம் பேரையே சொல்லிட்டா. யாருட்டயும் சொல்லிராதிய. தெரிஞ்சா அவள ஊருக்கு அனுப்பிருவாவ. அவ தங்கச்சி அவள நம்பித்தான் படிக்கா."

நான் சொல்லவில்லை. அவளுக்காக என்று நினைத்துக்கொண்டேன். என் கலர் மெஷினுக்காகவும்தான்.

அன்று சாயங்காலமே நரசிம்மன் சார் மூன்று டாக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். 'ஐயா, தங்களிடம் மருந்துச்சீட்டு பெற்ற இசக்கிசெல்வி, வயது 22, அம்மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டு சிகிச்சை பெற்றுள்ளார். இனி எழுதும் முன் இதைக் கருத்தில் கொள்ளவும்.' அதை என்னிடம் கொடுத்து மூன்று காப்பி கேட்டார். பெயர் தப்பு என்று தெரிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தேன். கை கூசியது. ஆனாலும் மெஷின் பட்டனை அமுக்கியது அந்தக் கைதான்.

டாக்டர் ரகுபதியின் கிளினிக் எதிர்ச்சாரியில் இருக்கிறது. ரோட்டைக் கடந்தால் ஐம்பது அடி. நரசிம்மன் சார் அந்தக் கடிதத்தையும் மற்ற இரண்டோடு சேர்த்து ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீஸுக்குப் போய் ரிஜிஸ்டர் போஸ்டில் அனுப்பினார். மூன்று நாள் கழித்து ஒப்புகை அட்டை வந்தது. அதையும் நோட்டில் ஒட்டினார்.

கடிதங்கள் வேலை செய்தன. ரகுபதி கிளினிக் சுவரில் காலண்டருக்குக் கீழே ஒரு தாள் முளைத்தது: 'இசக்கிசெல்வி – மாத்திரை தரக்கூடாது'. எந்த மாத்திரை என்று எழுத மறந்துவிட்டார்கள். காய்ச்சலோடு போன இசக்கிசெல்வியை வரவேற்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது டாக்டர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. மூன்றாவது டாக்டர் கான்ட்ராக்டர் கம்பெனிக்கும் டாக்டர். அவர் பொறுப்பானவர், கடிதத்தை அப்படியே சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டார். இசக்கிசெல்வியை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அவள் வாயே திறக்கவில்லை. செல்வலட்சுமிக்கு ரூமில் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு நாள் போயிற்று. ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, பலகைக்கு அந்தப்பக்கம் செல்வலட்சுமி வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அந்த வாரம் அவளுக்கு மறுபடி நைட் ஷிஃப்ட். கையில் சீட்டு. இந்தத் தடவை அசல். சொந்தப் பெயர். தேதிகூட இருந்தது. ரகுபதி தூக்க மாத்திரை எழுதியிருந்தார். சுவரில் இருந்தது இசக்கிசெல்வி பெயர், இவள் செல்வலட்சுமி, தடை ஒன்றும் இல்லை.

நரசிம்மன் சார் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். செல்வலட்சுமி என்ற பெயரே இல்லை. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. "புது பேஷண்ட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார்.

அவள் கை நீண்டது. சொன்னால் என் கடைக்குப் பூட்டு. சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை நாளைக்கு இருக்குமா? பலகையைத் தாண்டிக் கையை விட்டு அந்த அட்டையைப் பிடுங்கினேன்.

"சார், ஆஸ்பத்திரில கெடந்தது இதுதான் சார்! இசக்கி இல்ல. எட்டு பொண்ணுங்களுக்கும் ஒரே சீட்டு. கலர்ல காப்பி எடுத்துக் குடுத்தது நான்தான்!"

செல்வலட்சுமி அழ ஆரம்பித்தாள். "பகல்ல கூர கொதிக்கி சார். கண்ணு மூட மாட்டேங்கு."

நரசிம்மன் சார் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் ஒரு வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. "இவ்ளோ நாளா இந்த நோட்டு பொய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பிறகு ஷட்டரை இழுத்து விட்டார். மத்தியானம் மூன்றேகால் மணிக்கு. செல்வலட்சுமியை அழைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நானும் ஓடினேன்.

"இன்னா நரசிம்மன், இன்னொரு லெட்டரா?" என்றார் ரகுபதி.

"இல்ல சார். ஆளையே இட்டுனு வந்துட்டேன். முழுங்கினது இந்தப் பொண்ணு."

ரகுபதி பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர்தான், நேரம்தான் கிடையாது. அன்றைக்கு இருபது நிமிஷம் உட்கார்ந்து கேட்டார். தூக்க மாத்திரை எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு நைட் ஷிஃப்ட் போடக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். நரசிம்மன் சார் சுவரில் இருந்த தாளைத் தானே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெண்களும் கடைக்கு வந்தார்கள். இந்த வரி யாருடையது, அந்த வரி யாருடையது என்று ஒவ்வொருத்தியும் சொல்ல, அவர் இசக்கிசெல்வி பெயரை அடித்து அடித்து உண்மைப் பெயரை எழுதினார். ஒவ்வொரு கோட்டையும் ஸ்கேல் வைத்துத்தான் அடித்தார். அவருக்கு அது சொந்தத் தோலில் கீறுவது மாதிரி. கடைசி வரி முடிந்ததும் இசக்கிசெல்வி கேட்டாள்.

"உங்க நோட்டுல இருவத்து மூணு தடவ எம் பேரு இருந்துச்சு சார். ஒரு தடவயாவது எம் மூஞ்சியப் பாத்தியளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நானும் மெஷினைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன், அவள் பக்கம் திரும்பாமல்.

இசக்கிசெல்வியின் வேலைக்காக அவர் திருத்திய கடிதத்தோடு கான்ட்ராக்டர் ஆபீஸுக்கு நேரில் போனார். சூப்பர்வைசர் சொன்னான்: "மொதல் லெட்டரு ரிஜிஸ்டர் போஸ்ட்ல வந்துச்சு. இது கையில கொண்டாந்தது. எத சார் நம்புறது?" திரும்பி வந்து ரிஜிஸ்டர் போஸ்டில் அனுப்பினார். நாலாம் நாள் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் செல்வலட்சுமியை, பகல் ஷிஃப்ட் தனியாகக் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். அவள் இப்போது படப்பையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். இரவில் தூங்குகிறாள். தங்கச்சி படிக்கிறாள்.

வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இருபத்து மூன்று அடித்தலைப் பார்த்துத் திகைத்துப்போனார். "போன தடவ எவ்ளோ அழகா இருந்துச்சு நரசிம்மன்!" என்று வருத்தப்பட்டு, விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்.

மெமோவை நரசிம்மன் சார் என்னிடம் நீட்டினார். "ஒரு காப்பி எடும்மா. கறுப்பு வெள்ளையே போதும்."

நான் எடுத்துக்கொண்டிருந்தபோது இசக்கிசெல்வி இருமிக்கொண்டே வந்து ஒரு சீட்டை நீட்டினாள். அவர் பேனாவை எடுக்கவில்லை. சீட்டையும் வாங்கவில்லை. நிமிர்ந்து முதலில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எம் பேரு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும்மா" என்றார்.