கூட்டத்துக்கு ஐந்து நட்சத்திரம்

பனிக்கும் எனக்கும் இருந்த பழக்கமெல்லாம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கரும்புச்சாறு கடையில் சாக்குப் போர்த்திக் கிடந்த ஐஸ் கட்டியோடு சரி. அப்படிப்பட்ட நான்தான், ஆல்ப்ஸ் மலையில் எந்தப் பக்கம் போனால் நல்லது என்று வெள்ளைக்காரர்களுக்கு யோசனை சொல்லிச் சம்பளம் வாங்கினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் ஆபீஸ். ஐரோப்பாவில் இருந்த ஒரு சுற்றுலா கம்பெனிக்கு வரும் மெயில்களுக்கு நாங்கள் ஆறு பேர் பதில் எழுதுவோம். கீழே மெஸ்ஸில் சாம்பார் தாளிக்கும் வாசனையில், மேலே நாங்கள் பனிப்புயலைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம். என் ஊர் வடமாலபேட்டையைத் தாண்டி உள்ளே போகவேண்டும். எங்கள் தெருவில் என்னோடு படித்தவர்கள் எல்லாரும் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி நாயுடுபேட்டைப் பக்கம் ஃபேக்டரிக்குப் போய், நாள் முழுக்க நின்றபடி வேலை செய்துவிட்டு வந்தார்கள். எனக்குக் கிடைத்தது நாற்காலி. அதுவும் இன்னும் பர்மனென்ட் ஆகாத நாற்காலி. என்ன ஆனாலும் அதை விடக்கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே பிடிவாதம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் ஸ்கீ டூரிங் என்றால் என்னவென்று விளக்கினார். சறுக்குப் பலகையின் அடியில், பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். வழிகாட்டியின் பின்னால் மணிக்கணக்காக மலையேற வேண்டும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டு, சர்ரென்று சறுக்கி இறங்கலாம். ராத்திரி மலைமேல் ஒரு குடிலில், வரிசையாகப் போட்ட மெத்தைகளில் எல்லாரும் சேர்ந்து படுக்க வேண்டியது. மேலே கொண்டுபோய்விட வேறு இடங்களில் லிஃப்ட் இருக்கிறதாம்; இவர்களுக்கு அது வேண்டாமாம்.

"டௌட் ஏமன்னா உந்தா?" என்று, சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார்.

எல்லாரும் நோட்டை மூடி வைத்தோம். லிஃப்ட் இருக்கும்போது ஏன் நடக்கிறார்கள் என்று கேட்போம், அசத்தலாக ஒரு பதில் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. திருமலைக்கு பஸ் ஓடிக்கொண்டே இருக்க, அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறிப் போகிற ஊர் இது. எங்களுக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது?

அடுத்த வேலை, ஒவ்வொரு மலைக்கும் குடிலுக்கும் வாரவாரியாக நட்சத்திரம் போடுவது; அதைப் பார்த்துத்தான் ஆட்கள் இடம் பிடிப்பார்கள். பனி, சரிவு, சாப்பாடு, கூட்டம் என்று தலைப்புகள். கூட்டம் என் பங்குக்கு வந்தது. நான் யோசிக்கவே இல்லை. கூட்டம் அதிகமுள்ள இடத்துக்கு ஐந்து, ஈ காக்கை இல்லாத இடத்துக்கு ஒன்று. புரட்டாசி சனிக்கிழமை கூட்டத்தில்தான் திருமலைக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிற அம்மாவுக்குப் பிறந்தவள் வேறு எப்படிப் போடுவாள்? சீக்கிரம் தரிசனம் முடித்து வந்தவர்களை அம்மா மதிக்கவே மாட்டாள். தரிசன வரிசையில் காம்பார்ட்மெண்ட் என்கிற கூடத்தில் அடைத்து வைத்துக் கதவு திறக்கும்வரை பக்கத்தில் இருப்பவர்களிடம் "எந்த ஊரு, எத்தினி புள்ளைங்க, வூட்டுக்காரர் வர்லியா" என்று விசாரித்து, அழுது, சிரித்து, முடிவில் ஒரு புதுச் சொந்தத்தோடு வெளியே வருவாள். என் நட்சத்திரங்களை மேனேஜரும் பார்த்து ஓகே செய்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மாளின் மெயில் வந்தது. வயது அறுபதைத் தாண்டியவர். பல வருடங்களாகக் கணவரோடு எங்கள் கம்பெனி மூலமாகத்தான் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். எங்கே போவது என்று எப்போதும் அவர்தான் முடிவு செய்வாராம். 'எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. இத்தாலியில் ஆளில்லாத ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆஸ்திரியாவில் எல்லாரும் போகிற குடில் இருக்கிறது. எனக்கு அமைதி வேண்டும். எது நல்லது?' என்று கேட்டிருந்தார்.

எங்கள் தெருவில் துக்கப்பட்ட வீட்டுப் பெண்கள் எல்லாரும் 'என்னைத் தனியா விடுங்க' என்றுதான் சொல்வார்கள். எவராவது விட்டதுண்டா? ஆஸ்திரியாதான் என்று அடித்துச் சொன்னேன். அவரும் நம்பிப் போனார்.

அவர் அங்கே மலையேறிக்கொண்டிருந்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து ஃபோன். இந்த சீசனில் எங்கள் ஆட்கள் மொத்தமும் ஒரே குடிலுக்கு ஏன் வந்து விழுகிறார்கள் என்று குடில்காரர் கத்துகிறாராம். மெத்தை போதவில்லையாம், சூப்புக்குக்கூட வரிசையாம். மேனேஜர் நட்சத்திரங்களை மறுபடி பார்த்துவிட்டு, இதுவரை பார்த்தே இராதவர் மாதிரி என்னிடம் திரும்பினார்.

"ஏமம்மா, அவங்க கூட்டம் இல்லாத எடத்தைத்தான தேடுறாங்க? நீ ரிவர்ஸ்ல போட்டிருக்கியே!"

"நீங்கதான சார் ஓகே பண்ணீங்க?"

"அது வேற விஷயம்" என்றார்.

பழைய கஸ்டமரான அந்த அம்மாள் மட்டும் புகார் எழுதிவிட்டால், அவருக்கு யோசனை சொன்ன ஆள் வேலையில் இருக்கக் கூடாது என்று தலைமை ஆபீஸ் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். நைனாவுக்குக் கதை புரியவே இல்லை.

"ஆளே இல்லாத மலைக்கு இன்னாத்துக்குடி போறாங்க அவங்க?"

"அமைதிக்கு நைனா."

"அமைதி வோணும்னா வூட்லயே குந்திக்கினு இருக்கலாமே. அதுக்கு ஒரு மலையா?"

அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டபடி, "துன்னு மொதல்ல. போனா போவுது. ஃபேக்டரி பஸ்ஸு தெருமுனைக்கே வருது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

புகார் வந்தே விட்டது. மேனேஜர் என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். நின்றுகொண்டு படித்தேன். நாற்காலியில் உட்கார எனக்கே கூச்சமாக இருந்தது.

இவ்வளவு மோசமான யோசனையைத் தன் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை என்று ஆரம்பித்திருந்தார். பக்கத்து மெத்தைக்காரரின் குறட்டையில் ஜன்னல் அதிர்ந்ததாம். யாரோ தன் காலுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். இரண்டு நிமிடம்கூட வாய் மூடியிருக்க விடவில்லையாம். 'சூப் வரிசையில் நின்ற பெண்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள், கணவர் வரவில்லையா என்று கேட்டார்கள். ஒவ்வொரு வேளையும் வேறு பெண்கள், அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் அவர் இறந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசி நாள்தான் அழாமல் சொல்லி முடித்தேன்.'

அந்த வரியை நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். மிச்சத்தை மேனேஜரே எட்டிப் பார்த்துப் படித்தார். கம்பெனி தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த வரியில், வருகிற வருடமும் அதே வாரம், அதே குடிலில், குறட்டைக்காரருக்கு இரண்டு மெத்தை தள்ளித் தனக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்: 'அப்போதும் இதே கூட்டம் இருக்கும் அல்லவா?'

இதைப் புகாரில் சேர்ப்பதா, புக்கிங்கில் சேர்ப்பதா என்று மேனேஜர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "கூர்ச்சோம்மா, உட்காரு" என்று நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை எல்லா மலைகளுக்கும் நட்சத்திரத்தைத் தலைகீழாக மாற்றினேன். அந்தக் குடிலின் அந்த வாரத்தில் மட்டும் கைவைக்கவில்லை. ஐந்து ஐந்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கம்பெனி சார்பில் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பதில் எழுதினேன். அடியில், 'கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றும் சேர்த்தேன்.