ஊட்டைத் தாண்டி

சேலத்து மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு பாதங்களையும் ஊன்றி என் தங்கை நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் கோடு நெருங்கும்வரை அவள்தான் முதல். கடைசி நான்கு எட்டில் வேகத்தைக் குறைத்து, கோட்டைச் சரியாக மிதித்து நின்றாள். அதற்குள் மூன்று பேர் அவளைக் கடந்துவிட்டார்கள். எதையும் எண்ணுகிற பழக்கம் எனக்கு. அந்த மூவரை மட்டும் எண்ணாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் மலையில் பிள்ளைகள் தொட்டு விளையாடும்போது ஓடிச் சேரவேண்டிய கோட்டுக்கு 'ஊடு' என்று பெயர். வீட்டையும் அப்படித்தான் சொல்வோம். ஊட்டை மிதித்து நிற்பவர் ஜெயித்தவர்; ஓரடி தாண்டினாலும் ஆட்டம் போச்சு. சரிவில் ஆடுகிற ஆட்டம். தாண்டினால் காப்பிச் செடிகளுக்குள் உருளவேண்டியதுதான் என்பதால் வந்த விதி அது. இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்திருந்த சென்னைப் பயிற்சியாளருக்கு இது எப்படித் தெரியும்? ஏன் நின்றாய் என்று கேட்டார்.

"ஊடு வந்துருச்சுங்களே. ஊட்டைத் தாண்டி எங்கீங்க போறது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்ப வீட்டுக்கே போம்மா. ஏற்காடு பஸ் இருக்கும்" என்றார் அவர். இருட்டுவதற்குள் போய்விடலாம், வா கண்ணு என்று கூப்பிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த ஓட்டத்தில் ஒரு தடம் காலியாக இருந்தது. யாரையும் கேட்காமல் போய் அதில் குனிந்து கையை ஊன்றினாள். விசில் வைத்திருந்தவர் பயிற்சியாளரைப் பார்த்தார். ஓடட்டும் என்று அவர் கையசைத்தார். இம்முறை அவள் முதலில் வந்தாள்; ஆனால் கோட்டில் நிற்கவில்லை. நேராக ஓடி அதிகாரிகளின் மேசையில் மோதினாள். டீ கிளாஸ்கள் சிதறின. மூச்சு வாங்கப் பயிற்சியாளரிடம் கேட்டாள்: "தாண்டிட்டனுங்க. இன்னும் போகோணுங்களா?"

போனாள். பதினொரு வருடம் நாட்டுக்காக ஓடினாள். தொடர் ஓட்டத்தில் ஒரு வெண்கலமும் உண்டு. குழந்தை பிறந்த பிறகு, பாராட்டு விழா என்று சொல்லி விளையாட்டுச் சங்கத்தார் அழைத்தார்கள். அது வழியனுப்பு விழா என்பது மேடையில்தான் அவளுக்குத் தெரிந்தது. போர்த்திய சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். "எங்க நிக்கறதுன்னு நான் பாத்துக்கறனுங்க" என்றாள். மறுவருடத் தேர்வில் கடைசியாக வந்தாள். பத்திரிகைக்காரர்கள் பரிதாபப்பட்டு எழுதினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கடுத்த வருடம் தேறி, வெளிநாடு போய், முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். "இப்ப போதுமுங்கண்ணா" என்றாள். அவளாக முடித்தது.

இப்போது அவளுக்கு அறுபத்து மூன்று. முட்டியைக் காட்டி டாக்டர் எச்சரித்தும் காலையில் ஏரிச் சாலையில் ஓடுகிறாள். விழுந்துவிடுவாளோ என்று குடையோடு நான் பின்னால் நடக்கிறேன். நேற்று மூடுபனி. லாட்ஜ் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், "ஏனுங்கம்மா, இந்த வயசுல ஆரைப் புடிக்க இந்த ஓட்டம்? ஊட்டுல நிம்மதியா உக்காரலாமுல்லீங்க?" என்றார்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"எனக்கு முன்னால ஆராச்சும் போறாங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் விளக்குமாற்றை நிறுத்திப் பார்த்தார். நானும் பார்த்தேன். சாலையில் ஒருவரும் இல்லை.