பூட்ஸைக் கழற்றச் சொன்னவர்

பிள்ளைகளே, யுத்த காலத்தில் பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் ஒரு படப்பெட்டிக்காரரைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், காதில் கடுக்கன். பெட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்தால் சீமையில் ஒரு சந்தை ஊர் தெரியும். கல் பாவிய தெரு, மணிக்கூண்டு, ரொட்டிக்கடை, கறிக்கடை என்று படங்கள் ஓடும். ஆனால் முதல் படம் மாங்காட்டு அம்மன். அதனால் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்வார்.

அன்று ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் படம் பார்க்கக் குனிந்தான். இவர் தடுத்து, அவன் காலைக் காட்டினார்.

"தொரை, பூட்ஸ கயட்டிட்டு பாரு."

சிப்பாய் முறைத்தான். பெட்டியை உதைத்துவிடுவானோ என்று சுற்றி நின்ற நாங்கள் ஓரடி பின்வாங்கினோம். அவருக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டி ஒன்றுதான். நல்லவேளை, அவன் கீழே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். பார்த்து முடித்து, சிரித்துக்கொண்டே போனான்.

"இன்னா நைனா, பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாமயா? நெறைய கீது. ஆனா அவன் ஊரப் பாக்க நம்ம ஜனம் அல்லாரும் கயட்டுது. அவன மட்டும் வுட்டா, நாளைக்கு எவன் கயட்டுவான்?"

அந்தப் பயத்தோடு அவர் எப்படி வாயைத் திறந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.