கீழாநெல்லிப் பத்தியம்

முத்தியால்பேட்டையில் செல்வாம்பாளின் வீட்டு மொட்டைமாடி முழுக்கத் தெர்மாகோல் பெட்டிகள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர்கள் உடைந்துபோச்சென்று தூக்கிப்போட்டவை. மீன் நாற்றம் போகக் கழுவி, மண் கொட்டி, அதில் கீழாநெல்லி வளர்த்தாள். தானாக முளைக்கிற செடிக்குப் போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாளே என்று தெரு சிரித்தது. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், சிரித்தவர்களே வந்து கதவைத் தட்டினார்கள். வேரோடு பிடுங்கிக் கொடுப்பாள். பதிலுக்கு ஒரு வாழைப்பழம்கூட வாங்கிக்கொள்ள மாட்டாள். வாங்கினால் மருந்து பலிக்காதாம்.

அவள் புருஷன் சாமிக்கண்ணு மில்லில் தறி ஓட்டியவர். ஷிப்டு முடிந்தால் சாராயக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வழி தெரியும் அவருக்கு. மில் மூடியது, குடி மூடவில்லை. கடைசியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, நாள் தவறாமல் சாப்பிட மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பயத்தில் குடி தானாக விட்டுப்போனது. ஆனால் அதுவரை குடித்ததற்கெல்லாம் கல்லீரல் கணக்கு வைத்திருந்தது.

ஐப்பசி மழையில் அவர் கண் மஞ்சளானது. "கல்லீரல் ரொம்ப நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கும்மா, கவனமா இருக்கணும்" என்றார் டாக்டர். செல்வாம்பாள் வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்கு ஏறினாள். தெருவுக்கே கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக்குக் கொடுக்கத் தெரியாதா?

காலையில் வெறும் வயிற்றில், அரைத்த விழுதை மோரில் கலக்கி நீட்டினாள்.

"இன்னாடி இது, மாட்டுக்குக் கரைச்ச மாதிரி?"

"கண்ண மூடிக்கினு குடி. அந்தக் கருமத்த மட்டும் கண்ணத் தொறந்துக்கினே குடிச்ச இல்ல?"

சாமிக்கண்ணு சிரித்துப் புரையேறிக் குடித்தார்.

உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. அதோடு, பத்தியத்துக்கு அவள் வீட்டில் காலங்காலமாக இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நாட்டு மருந்து உள்ளே போகிறபோது இங்கிலீஷ் மருந்து கூடாது. இரண்டும் வயிற்றில் சண்டை போட்டுக்கொள்ளும். நெஞ்சு மாத்திரை டப்பாவை எடுத்து பீரோ மேல் வைத்தாள். அதற்காக நெஞ்சை அவள் அம்போவென்று விட்டுவிடவில்லை. பெரிய மார்க்கெட்டு நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை வாங்கிவந்து, இடித்து, கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இதயத்துக்கு மருதம்பட்டை, ஈரலுக்குக் கீழாநெல்லி. இதுக்கு மேல என்ன வேணும் என்றிருந்தது அவளுக்கு.

மகள் அமுதவல்லி பிரான்சில் இருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டு மருமகள். போன் எடுத்தால் எப்படி இருக்கே என்றுகூடக் கேட்க மாட்டாள்.

"அப்பா மாத்திரை சாப்ட்டாராம்மா?"

"சாப்ட்டாரு, சாப்ட்டாரு."

போனை வைத்ததும் சாமிக்கண்ணு, "புள்ளைகிட்ட ஏன்டி பொய் சொல்ற?" என்றார்.

"கஷாயமும் மருந்துதான? இல்லன்னா அங்க உக்காந்துக்கினு ராவெல்லாம் தூங்க மாட்டா."

அவருக்கும் மாத்திரை இல்லாமல் இருந்தது பிடித்துத்தான் இருந்தது.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மஞ்சள் இறங்கியிருந்தது. செல்வாம்பாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பத்தியம் முறித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்தாள். சங்கரா மீன் குழம்பு வேண்டும் என்று கேட்டார் சாமிக்கண்ணு. குறித்த நாள் காலையில் வைத்திக்குப்பம் போய்ப் பொறுக்கி வாங்கி வந்தாள். புளி ஊறிக்கொண்டிருந்தது. குளிக்கப் போனவர் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. "செல்வா" என்றார், அவ்வளவுதான்.

"ஸ்டென்ட் அடைச்சிருக்கு. மாத்திரைய ஏம்மா நிறுத்தினீங்க?" என்று, உயிர் போய்விட்டதைச் சொன்ன பிறகு கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"பத்தியம் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மகளிடம் அவளே போனில் சொன்னாள். "ஒரு மாத்திரகூடக் குடுக்கலடி." காரியத்துக்கு வந்து இருந்த நாளெல்லாம் அமுதவல்லி அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. திரும்பிப் போகும்போது, ஆட்டோவில் ஏறிய பிறகு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா அப்பா கண்ணு வெள்ளையா இருந்துச்சாம்மா?"

"வெள்ளையாத்தான் இருந்துச்சு."

ஆட்டோ போனதும் செல்வாம்பாள் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். ஆனால் விதை விழுந்த மண் சும்மா இருக்குமா? அடுத்த மழைக்குப் பெட்டியெல்லாம் மறுபடி பச்சை. பிறகு அவள் மாடிக்கே போகவில்லை.

அப்புறம்தான் ஒருநாள் அடுத்த தெரு நஜீமா வந்தாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு மஞ்சளா இருக்குக்கா. கொஞ்சம் கீழாநெல்லி குடேன்."

செல்வாம்பாள் மாடிப்படி பக்கம் திரும்பவே இல்லை. "யாகூப் பாய் மாத்திர எதுனா சாப்புடுறாரா?"

"பிரஷருக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு. நீ கவலப்படாத, நிறுத்திட்டுதான் குடுப்பேன். நீ சொல்ற பத்தியம் எனக்குத் தெரியாதா?"

செல்வாம்பாள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது.

"நிறுத்தாத."

"அக்கா, வலிக்குது."

"நிறுத்தாதடி. அந்த மாத்திரைய எல்லாம் எடுத்துக்க. டாக்டருகிட்ட போவோம், நானும் வரேன். இந்தச் செடி குடுக்கலாமான்னு அவரையே கேப்போம்."

"அவரு வேணாம்னுடுவாரே."

"வேணாம்னா வேணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். பூட்டில் சாவி போகவில்லை. நஜீமாதான் சாவியை வாங்கிப் பூட்டினாள்.