சனிக்கிழமைத் தண்ணீர்

1. திங்கட்கிழமைச் சாம்பிள்

தேனியில் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் சேர்ந்த முதல் நாளே என்னைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஆற்றுப் படித்துறைக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சனிக்கிழமைதோறும் கூட்டம் வந்து, சனி தோஷம் கழியத் தலைமுழுகி, கட்டிய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகும் இடம். நான் போனது திங்கட்கிழமை காலை.

முழங்கால் ஆழத்தில் இறங்கி, ஸ்டெரைல் பாட்டிலைக் கவிழ்த்து முக்கி, ஓட்டத்துக்கு எதிரே திருப்பி நிரப்ப வேண்டும். மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கி ஆற்றின் மேலேயே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. காலடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பாட்டில் நிரம்பிய பிறகும் கரையேற மனமில்லாமல் நின்றேன்.

லேபில் ஊதா நிறத் திரவம் உள்ள டியூப்களில் அந்தத் தண்ணீரைச் சேர்த்து இன்குபேட்டரில் வைப்போம். மலக்கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும். உள்ளே கவிழ்த்து வைத்த சின்னக் குழாயில் காற்றுக் குமிழ் சேரும். என் டியூப்கள் பெரும்பாலும் ஊதாவாகவே இருந்தன. 'குளிக்கத் தகுதியானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் மாதாமாதம் அப்படியே போட்டேன்.

பிறகு ஒரு நாள், அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா போன் செய்தார்.

"மேடம், ஞாயிறு, திங்கள்னா வயித்துப்போக்குக் கேஸா வருது. எல்லாரும் சனிக்கிழமை அந்தப் படித்துறையில குளிச்சவுக. நாலு வயசுப் பிள்ளைக்கு இப்பத்தான் டிரிப் ஏத்திட்டு வாரேன். நீங்க தண்ணி நல்லாருக்குன்னு எழுதியிருக்கீக."

மூன்று வருடக் கோப்பை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் திங்கட்கிழமைகள் மட்டுமே.

2. பாறை மேல் ஒரு பகல்

அடுத்த சனிக்கிழமை ஐஸ் பெட்டியோடு நானாகவே போனேன். தண்ணீரில் கிருமி எத்தனை என்பது பாதிக் கணக்குதான். ஆட்கள் எவ்வளவு நேரம் நீரில் இருக்கிறார்கள், எத்தனை முறை முங்குகிறார்கள், வாயில் எவ்வளவு போகிறது என்பது மீதிக் கணக்கு. பாறை மேல் உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். தலைகள் மறைந்தன, எழுந்தன. ஈரப் புடவைகள் நீரில் விரிந்து மிதந்து போயின. வெயிலும் நீரின் சத்தமும் சேர்ந்து, விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது.

அந்தத் துணிகளை இடுப்பளவு நீரில் நின்று அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார் பேச்சியம்மா. ஆற்றில் விடும் துணிகளைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கூலிக்கு இருப்பவர். ஐம்பது வயது இருக்கும்.

"என்னாத்தா எழுதுற? காலைலருந்து பாக்குறேன்."

"யாரு எவ்வளவு நேரம் குளிக்கிறாகன்னு எழுதுறேங்க்கா."

"அப்ப என்னையும் எழுது. வெள்ளன எறங்குனேன். வெயிலு சாஞ்சாத்தான் ஏறுவேன்."

சிரித்தேன். எழுதவில்லை. என் படிவத்தில் 'குளிப்பவர்' என்ற கட்டம்தான் இருந்தது.

உச்சி வெயிலில் அவரே கூப்பிட்டார். "இங்கன வா. கால வச்சுப் பாரு. சனிக்கிழம மத்தியானமானா இந்த எடம் மட்டும் வெதுவெதுன்னு ஆயிருது."

இறங்கினேன். குளிர்ந்த ஆற்றுக்குள் ஒரு வெதுவெதுப்பு கணுக்காலைச் சுற்றிப் போனது. ஒரு நிமிடம் இதமாகக்கூட இருந்தது. நாணல் புதரை விலக்கியபோதுதான் குழாய் தெரிந்தது. மேலே இருந்த ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்க், அறைகள் நிரம்பிய நாளில் வழிந்து வந்துகொண்டிருந்தது. குழாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சாம்பிள் எடுத்தேன்.

3. மஞ்சள்

திங்கட்கிழமை ஆபீசர் கேட்டார். "ஏம்மா, லீவு நாள்ல சாம்பிள் எடுக்க யாரு ஆர்டர் போட்டா?"

"யாரும் போடல சார். சனங்க அன்னைக்குத்தான சார் குளிக்கிறாக."

குழாய்க்கு மேல்பக்கச் சாம்பிள் ஊதாவாகவே இருக்க, கீழ்ப்பக்கச் சாம்பிளின் டியூப்கள் எல்லாமே மஞ்சள். ஆபீசர் டியூப் வரிசையைப் பார்த்துவிட்டு, "எழுதிக் கொண்டா, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

லாட்ஜின் குழாயை அடைத்தார்கள். தண்ணீர் தெளியும்வரை குளிக்கத் தடை. மறுசாம்பிளுக்குப் போனபோது பேச்சியம்மா வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தார். இடது காதில் பஞ்சு. அந்தச் சனிக்கிழமையும் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

"தண்ணிக்கு நோவுன்னு எழுதிட்ட. சரி. என் காதுக்கு நோவுன்னு எழுதுனியா ஆத்தா?"

காதில் சீழ் வைக்கும் கிருமி வேறு. அதற்கு நாங்கள் டெஸ்டே செய்ததில்லை. அன்றே அவரைத் தேனிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். செவிப்பறையில் ஓட்டை. மருந்தில் சீழ் நின்றது. ஆனால் அந்தக் காது பழைய மாதிரி கேட்கவில்லை. படிவத்தில் 'நீரில் நின்று வேலை செய்பவர்' என்று ஒரு கட்டம் சேர்க்க வைத்தேன். காதுக் கிருமிக்கும் டெஸ்ட் வந்தது. குத்தகைக்காரரிடம் சண்டை போட்டு நீளக் கொக்கிக் கழி வாங்கிக் கொடுத்தோம், கரையில் நின்றே துணியை இழுக்கலாம் என்று.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஆட்கள் குளிக்கும் நாளில் போங்கள். பாட்டிலைத் திறக்கும் முன், அந்த நீரில் யார் அதிக நேரம் நிற்கிறாரோ அவரிடம் பேசுங்கள்.

பேச்சியம்மா இப்போதும் சில நாள் கழியை வைத்துவிட்டு ஆற்றில் இறங்கிவிடுகிறார். ஏன் என்று கேட்டால், "தண்ணில நின்னாத்தான் மனசு நெலையா நிக்குது" என்கிறார். இறங்காதீங்க என்று நான் சொல்வதில்லை. எத்தனை மணி நேரம் என்று அவரது வலது காதுப் பக்கம் நின்று கேட்டு, எழுதிக்கொள்கிறேன்.