முதல் பக்கத்து ஐம்பது பேர்

இஸ்திரிக்காரம்மாவின் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. காலமெல்லாம் சூடான பெட்டியின் ஓரம் பட்டுப் பட்டு அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. சலவைக்கூடத்தில் விரல் வைத்து வருகை பதியும் மெஷினைக் கொண்டுவந்து மாட்டியபோது, அது அவரை ஒரு ஆளாகவே ஒத்துக்கொள்ளவில்லை. எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. "நீ உசுரோட இல்லைன்னு மெஷினே சொல்லுதே, வீட்டுக்குப் போய்ப் படு" என்று லோடு ஏற்றுகிறவர் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் மாசக் கடைசியில் பார்த்தால் அவருக்கு ஒரு நாள்கூட விடுப்பு விழவில்லை. கடவுள் செயல் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டார்.

ஒருநாள் மழைக்குப் பயந்து சீக்கிரமே வந்தவர், ஆபீஸ் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தார். கம்ப்யூட்டர் வேலை செய்கிற பெண் தனியாக உட்கார்ந்து, அம்மாவின் பெயருக்கு நேரே வருகையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். இதற்காகவே தினமும் எல்லாருக்கும் முன்னால் வருகிறாள் என்பது அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். "கையால போடக் கூடாதுன்னு உத்தரவுக்கா. நீங்க பாக்கல, சரியா?" என்று சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அங்கே "அடுத்த பக்கம்" என்று பெயர். வேலைக்காரர்கள் விவரமெல்லாம் இன்டர்நெட்டில் திறக்கிற ஒரு மென்பொருளில் இருந்தது. அது ஒரு பக்கத்தில் ஐம்பது பேரைத்தான் காட்டும். மிச்சப் பேரைப் பார்க்க வேண்டுமானால், அடியில் பொடியாகப் போட்டிருக்கும் இரண்டு, மூன்று என்ற எண்களைத் தட்ட வேண்டும். அதிலேயே எக்ஸெல் என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அமுக்கினால் ரிப்போர்ட் இறங்கும். ஆனால் அப்போது திரையில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது மட்டும்தான் இறங்கும். மென்பொருள் செய்து கொடுத்தவனிடம் அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "சரி பண்றோம் மேடம்" என்பான், பண்ண மாட்டான். அதனால் அவள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டித்தான் மேனேஜரிடம் கொடுப்பாள். யாராவது திரையை எட்டிப் பார்த்து என் பேரைக் காணோமே என்றால், தலையைத் தூக்காமலே "அடுத்த பக்கம் பாருங்க" என்பாள். அது பெயராக ஒட்டிக்கொண்டது.

கல்நெஞ்சுக்காரி என்றும் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. புருஷன் இன்னொருத்தியோடு போகப்போகிறேன் என்று சொன்ன மறுநாள், அவனுடைய சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி இஸ்திரி மேசைக்குக் கொண்டுவந்தவள் அவள். "தேச்சுக் குடுங்கக்கா. போற இடத்துல கசங்கின சட்டையோட நிக்கக் கூடாது" என்றாள். அம்மா ஒவ்வொரு சட்டையாகத் தேய்த்துக்கொண்டே அழுதார். அவள் பக்கத்தில் நின்று, பொத்தான் தெறித்திருந்த சட்டைகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நூலும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

சலவைக்கூடம் கை மாறியது. ஆஸ்பத்திரி, ஓட்டல் துணியெல்லாம் மொத்தமாகத் துவைக்கிற பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கியது. எல்லாரையும் வைத்துக்கொள்வோம், வேலைக்காரர்கள் பட்டியலை அனுப்புங்கள் என்று மேனேஜருக்குத் தகவல் வந்தது. அன்றைக்குப் பார்த்து அடுத்த பக்கத்துக்குக் காய்ச்சல். மேனேஜரே உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அமுக்கினார், வந்ததை அப்படியே அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அந்த ஐம்பது பேருக்கும் வேலை தொடரும், பட்டியலில் இல்லாதவர்கள் மாசக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று பதில் வந்தது. மேனேஜர் முற்றத்தில் நின்று பெயர்களை வாசித்தார். சேர்ந்த வரிசைப்படி இருந்ததால் பழைய ஆட்கள் பெயரெல்லாம் வந்தது. அடுத்த பக்கத்தின் பெயர் வந்தது. இஸ்திரிக்காரம்மாவின் பெயரும் வந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிற புருஷனோடு அவர் இருந்தது கம்பெனி கொடுத்த அறை. வேலை போனால் அறையும் போகும். சுவரோரம் நகர்ந்துபோய்க் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். பக்கத்தில் துணி மடிக்கிற கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, தன் பெயர் இன்னும் வரும் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்டு வந்த அடுத்த பக்கத்துக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். தேய்த்த மேசைவிரிப்பை விரிக்க வந்த அம்மாவும் அங்கே இருந்தார்.

"சார், நீங்க அனுப்பினது முதல் பக்கம் மட்டும்தான்."

"தெரியுதும்மா. இப்பத் தெரியுது."

"அப்ப முழு லிஸ்ட்டையும் அனுப்பிடலாமா சார்?"

"ஏம்மா, ஆளைச் சுருக்கிக் குடுத்திருக்கீங்க, பிரமாதம்னு அவங்க போன் போட்டுப் பாராட்டுறாங்க. இப்பப் போயி, ஐயா எனக்கு மவுசைப் பிடிக்கத் தெரியலைன்னு சொல்லச் சொல்றியா?"

"விட்டுப்போனது எண்பது பேர் சார்."

"உன் பேர் இருக்கில்ல? போய் வேலையைப் பாரு."

அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த அம்மாவிடம், "நானே அனுப்பப் போறேன்கா" என்றாள்.

"அனுப்பு கண்ணு" என்றார் அம்மா. "விட்டுப்போன பேரைச் சேக்கிறதுல என்ன தப்பு? அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு முகத்தை என்னால பாக்க முடியல. கடவுள் உன் பக்கம் நிப்பாரு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டதுபோல உள்ளே போனாள். ஒவ்வொரு பக்கமாக இறக்கினாள், ஒட்டினாள். பெயர், வேலை, சேர்ந்த தேதி, வயது எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாளில் புதுக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசுக்காரர், பேச்சில் அப்படியொரு மரியாதை. காரில் வந்ததில் கோட்டு கசங்கிவிட்டது என்று கழற்றி இஸ்திரி மேசைக்கு அனுப்பினார். அம்மா அதைப் பூப்போலத் தேய்த்து, மாட்டியில் போட்டு, ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோனார். அதிகாரி அடுத்த பக்கத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் முகம் செத்துப்போய் ஓரமாக இருந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். நீங்க அனுப்பலைன்னா எங்களுக்கு விவரமே தெரிஞ்சிருக்காது" என்றார் அதிகாரி. அம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. "ஆனா ஐம்பது பேருக்குத்தான் மேலிடத்துல அனுமதி வாங்கியாச்சு. இனிமே அதை மாத்த முடியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நியாயமா இருக்கட்டும். நீங்க அனுப்பின லிஸ்ட்டுல வயசைப் பாத்துத்தான் இந்த யோசனையே வந்துச்சு. இங்கயும் வயசுன்னு போட்டிருக்கே, அந்தத் தலைப்பைத் தட்டுங்க."

அவள் தட்டவில்லை. அதிகாரி அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தானே தட்டினார்.

திரை ஒரு தடவை கண்சிமிட்டியது. பெயர்கள் எல்லாம் இடம் மாறின. சின்ன வயசுக்காரர்கள் மேலே ஏறினார்கள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனாலும் தன் பெயரைப் பார்த்தால் தெரியும். வழக்கமாக அது மேலிருந்து மூன்றாவதாக நிற்கும். அங்கே பார்த்தார், இல்லை. அடிவரைக்கும் பார்த்தார், இல்லை.

"இப்ப அந்த எக்ஸெல் பொத்தானை அமுக்குங்க மேடம்" என்றார் அதிகாரி.

"சார், அமுக்கினா இந்த ஒரு பக்கம்தான் வரும்."

"அதுதானே வேணும்."

"இதுல என் பேரும் இல்ல சார்."

"அப்படியா?" குனிந்து பார்த்தார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "உங்களை மாதிரி கவனமான ஆள் கிடைக்கிறது கஷ்டம். அமுக்குங்க."

அவள் அமுக்கினாள். அதிகாரி கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "நல்லாத் தேச்சிருக்கீங்கம்மா. எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார். பதிலுக்காக அவர் நிற்கவில்லை.

மறுநாள் முற்றத்தில் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். முதல் பட்டியலில் பெயர் வந்து, இரண்டாவதில் காணாமல் போன பழைய ஆட்கள்.

"எங்க சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி! உன்னை யாரு கேட்டா?"

"புருஷனையே மடிச்சு வச்சு அனுப்பினவதானே, நாமெல்லாம் எம்மாத்திரம்?"

லோடு ஏற்றுகிறவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தாம்மா அடுத்த பக்கம். என் வீட்டுல நாலு வாய். எந்தப் பக்கத்துல போயி நான் பாக்கட்டும், சொல்லு" என்றார். அதற்கும் சிரிப்பு எழுந்தது. யாரோ அழுக்குத் துணி வண்டியிலிருந்து ஒரு ஈரத் துவாலையை எடுத்து அவள் மேல் வீசினார்கள். அது ஆஸ்பத்திரித் துவாலை. அவள் அதை எடுத்து, நாலாக மடித்து, வண்டியிலேயே போட்டாள். வேலை கிடைத்த சின்ன வயசுக்காரர்கள் சுவரோரமாக விலகி உள்ளே போனார்கள். நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண் மட்டும் நின்று பார்த்தாள். புதுப் பட்டியலில் பெயர் வந்திருந்த அவளுக்கும் மறுவாரம் வேலை போயிற்று. பிரசவ விடுப்புக் கேட்பாய், அதற்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாசக் கடைசியில் அம்மாவின் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். புருஷனைத் தூக்க ஆள் வரவில்லை. சலவைத் துணி தள்ளுகிற வண்டியைக் கேட்டு வாங்கி, அதில் படுக்க வைத்து, அம்மாவும் அடுத்த பக்கமுமாகத் தெருவோடு தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கீச்கீச் என்றது. "என்னையும் துவைக்கக் கொண்டுபோறீங்களா?" என்றார் அவர். "வெந்நீர்ல போட்டுடாதீங்க, சுருங்கிடுவேன்." அம்மா சிரித்துவிட்டார். மற்றவள் சிரிக்கவில்லை. மேடு பள்ளம் பார்த்துத் தள்ளுவதிலேயே குறியாக இருந்தாள்.

போன இடம் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறை. ஜன்னல் இல்லை. சுவரைத் தொட்டால் கை நனையும். புருஷனுக்கு முதுகில் புண் வந்தது. அடுத்த பக்கம் அவ்வப்போது வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, புண்ணைத் துடைத்துவிட்டுப் போவாள். எங்கே வேலை தேடினாலும், முதலாளிக்குத் தெரியாமல் விவரம் அனுப்பினவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் தூரத்து ஊரில் ஒரு கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை கிடைத்தது. அவள் கிளம்புவதற்கு முன்பே அம்மாவின் புருஷன் இறந்துபோனார். கடைசி நாட்களில் அவருக்கு வேடிக்கைப் பேச்சும் நின்றுபோயிருந்தது. வலி என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை எடுத்துப்போய்க் காரியம் முடித்த மறுநாள், அடுத்த பக்கம் பையோடு விடைபெற வந்தாள். அம்மா அவளைத் தெருமுனை பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவிடப் போனார். பஸ் தூரத்தில் வரும்போதுதான் அம்மாவுக்குக் கேட்க வாய் வந்தது.

"ஏன் கண்ணு, அந்த வயசுக் கட்டத்தை எடுத்துட்டு அனுப்பியிருந்தா இதெல்லாம் நடந்திருக்காதுல்ல?"

"நடந்திருக்காதுக்கா."

"அப்ப உனக்கு அது தோணலியா?"

"தோணுச்சு. அன்னிக்கு உங்ககிட்டச் சொல்ல வந்தேன். இருக்கிறதை எடுத்துட்டு அனுப்ப மனசு வரல."

அம்மா அவள் கையைப் பிடித்தார். திட்டுவதற்கா, தேற்றுவதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. "என் வேலை போகும், அவரும் போயிடுவாருன்னு தெரிஞ்சிருந்தா? கடவுளுக்குப் பொதுவா சொல்லு. அப்பவும் அனுப்பியிருப்பியா?"

பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அனுப்பியிருப்பேன்கா. அன்னிக்கு உங்க முகத்தைப் பாக்காம இருந்திருப்பேன், அவ்வளவுதான்."