நாலாவது மாடியிலிருந்து பறந்த நாற்காலி

2003-ஆம் வருடம், மே மாதம். சேலத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விவேக் நகரில், நாலாவது மாடியில் வாடகை வீடு. பால்கனியில் போட ஆசையாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சின்ன மேசையும் வாங்கியிருந்தோம். சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் ஒன்றரை வயது மகளுக்குச் சோறு ஊட்டுவேன்.

"இங்க மழைக்கு முன்னாடி காத்து ஜாஸ்திம்மா, சேரையெல்லாம் பால்கனிக் கம்பியோட சேர்த்துக் கட்டிடுங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கயிறு கட்டினால் பார்க்க நன்றாக இருக்காதே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மதியம் திடீரென்று வானம் இருட்டி, காற்று சுழன்றடித்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனேன். பால்கனியில் ஏதோ உருளும் சத்தம். ஓடி வருவதற்குள் ஒரு நாற்காலி கம்பிக்கு மேலே எம்பி வெளியே போய்விட்டது. கீழே ஓர் அலறல்.

கட்டட வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த பெண்ணின் குரல் அது. என் வயதுதான் இருக்கும். துணி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தவிர அவரிடம் நான் பேசியதே இல்லை.

கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். இரண்டாவது மாடியில் அவரே மூச்சிரைக்க எதிரே ஏறி வந்தார். முழங்கையில் ரத்தம். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாப்பா எங்கக்கா? சேரோட பாப்பாவும் விழுந்துடலையே?"

"தூங்குது" என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தினமும் கீழே இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது.

வீட்டுக்கு அழைத்துப்போய்க் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். தூங்கும் மகளை எட்டிப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "கயிறு இருக்காக்கா?" என்று கேட்டு, அடிக்கும் சாரலில் மேசையைக் கவிழ்த்துப் போட்டு, மிச்சமிருந்த நாற்காலியோடு சேர்த்துக் கம்பியில் இறுக்கிக் கட்டினார். நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

என் அலட்சியத்தால் அடிபட்டவர், தன் ரத்தத்தைக்கூடப் பார்க்காமல் என் குழந்தையைத் தேடி ஓடி வந்தார். யாராவது எனக்குத் தவறு செய்துவிட்டு முன்னால் வந்து நிற்கும்போது, கத்துவதற்கு முன் அவர்கள் பத்திரமா என்று கேட்கப் பழகி வருகிறேன். பல நாள் முடிவதில்லை, ஆனாலும் விடாமல் முயல்கிறேன்.